நிகர எடை

சத்தியவேடு சாலையில்
ஜல்லி லாரிகளை நிறுத்து அனுப்புகிற வேலை எனக்கு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், பிரிண்டர், ஒரு மின்விசிறி,
மேசைக்கு அடியில் நாலு வயது ஹேமஸ்ரீ.

அச்சு பிசகிய ரசீதுகளின் முதுகெல்லாம் அவளுக்கு.
முன்பக்கம் மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை.
பின்பக்கம் மழை.
மழையென்றால் மேலிருந்து கீழே கோடு,
கோடு, கோடு,
காகிதம் முடிந்த பிறகு சிமெண்டுத் தரையிலும் கோடு.

அங்கன்வாடி நாகமணி டீச்சர் சொல்லித்தான் இருந்தார்:
"பெய்யட்டும். எழுது எழுதுன்னு நிக்காதீங்க."
நான் நின்றேன்.
ஜூன் மாதம் எல்.கே.ஜி. சேர்க்கை,
பக்கத்து வீட்டுப் பையன் ஔ வரை போய்விட்டான்.
ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில்
புள்ளி வைத்த எழுத்துப் புத்தகம், முப்பத்தைந்து ரூபாய்.

"புள்ளி மேலேயே போ."
அவள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு கால் போட்டாள்.
அகரம் முழுக்க எறும்பு.
"எங்கடி போகுது வரிசையா?"
"சக்கரைக்கு."

எழுத்துக்குக் கால் உண்டு, கொம்பு உண்டு என்று
நானும்தான் படித்தேன்.
ஒன்றுகூட நடந்து போய்ப் பார்த்ததில்லை.

அதை அப்போது நினைக்கவில்லை. கோபம்தான் வந்தது.
விரலைப் பிடித்து அழுத்தி இழுத்ததில்
பென்சில் முனை தெறித்தது.
கையை உருவிக்கொண்டு மேசைக்கடியில் போனவள்
சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.
அன்றைக்கு நாற்பத்தோரு லாரி.

மறுநாள்
தூசி படிந்த ஒரு டிப்பரின் பின்கதவில்
எட்டியவரைக்கும் விரலால் சுழி சுழியாய் இழுத்துக்கொண்டிருந்தாள்.
சூளூர்பேட்டை மஸ்தான் இறங்கி வந்து பார்த்தார்.
"மா ர இது! தெலுங்கு பாப்பாவா?"
கிளீனர் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
"இல்லண்ணே, ஒ. கொஞ்சம் படுத்திருக்கு."
இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.
"அது புகை," என்றாள்,
சைலன்சரைக் காட்டி.

மத்தியானம் லாரி வராத அரைமணி நேரம்.
ரசீது ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.
"நீ போடு மழை."
போட்டேன்.
எட்டு வருஷமாக விசைப்பலகை தட்டிய கை,
கோடுகள் கம்பி மாதிரி நின்றன, சம இடைவெளியில்.
குனிந்து முகத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"உன் மழை நனைக்கவே இல்லம்மா."
பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிறகு இன்னொரு தாளில்
நேராய்க் கீழே ஒரு கோடு,
எடுக்காமல் அப்படியே குறுக்கே,
எடுக்காமல் அப்படியே மேலே.
மூடியில்லாத பெட்டி. உள்ளே புள்ளி புள்ளியாய்க் கல்.
"டிப்பர்," என்றாள். "லோடு ஏத்தியாச்சு."

ப.
என் கண்ணுக்கு நேராக ப.
உதடு இரண்டும் சேர்ந்தால்தான் அந்த எழுத்து வாயில் வரும்.
சேர்த்தேன்.
திறக்கவில்லை.

"எடை போடணும்," என்று வெளியே ஓடினாள்.
அறுபது டன் தாங்கும் மேடை நடுவில்
தாளை வைத்து, காற்றுக்கு ஒரு கல்லும் வைத்து,
ஓரமாய் வந்து நின்றாள்,
ஓட்டுநர்கள் நிற்கிற மாதிரியே, இடுப்பில் கை வைத்து.

சிவப்பு எண் பலகையில் 0.

எனக்குச் சங்கடமாக இருந்தது.
ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?
அவள் குதித்தாள்:
"அம்மா, சக்கரம்! என் லாரிக்குச் சக்கரம் வந்துருச்சு!"

நாகலாபுரம் வண்டி ஒன்று வந்து ஹாரன் அடித்தது.
அடிக்கட்டும்.
முதலில் வந்த வண்டிக்கு முதலில் ரசீது.
அச்சடித்துக் கொடுத்தேன்: நிகர எடை 0.
வாங்கினாள். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.
திருப்பினாள்,
வெள்ளையாய் இருந்தது,
மேசைக்கடியில் போனாள்.